பழைய பதிவேடு இல்லாமல் வந்து சேர்ந்த சிறப்புத் தேவைக் குழந்தை: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

மாற்றுச் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் கடைசியாகப் படித்த வகுப்பும் இருக்கும். தாகம் எடுத்தால் இந்தக் குழந்தை எப்படிக் கேட்கும், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்காது. முழுக் கோப்பு வந்து சேர வாரங்கள் ஆகலாம், வராமலே போகலாம். அதுவரை குழந்தை தினமும் வகுப்பில் உட்கார்ந்துதான் இருக்கப் போகிறது. அந்த நாட்களில் எதைக் கண்டால் எதைச் சந்தேகிப்பது, எந்த வரிசையில் சரிபார்ப்பது என்பதற்கான வழிமுறை இது.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு பழக்கம். குழந்தையைப் பற்றித் தெரிந்ததை ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஓர் எழுத்தும் தேதியும் போடுங்கள். பெற்றோர் சொன்னது ‘பெ’, ஆவணத்தில் உள்ளது ‘ஆ’, நேரில் பார்த்தது ‘நே’, ஊகம் ‘ஊ’. சின்ன வேலைதான், ஆனால் இதை விட்டால் மற்றதெல்லாம் ஆட்டம் காணும். ‘தனியாகக் கழிப்பறை போகாது’ என்று முதல் நாள் ஒருவர் ஊகித்து எழுதுகிறார். மூன்றாம் மாதம் அது அறிக்கையில் ஏறிவிடுகிறது. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று யாருமே குழந்தைக்குக் காட்டவில்லை என்பது அதற்குள் மறந்து போயிருக்கும்.

முதல் நாள், வகுப்புக்குள் அழைக்கும் முன்

பெற்றோரையோ பாதுகாவலரையோ உட்கார வைத்து இவற்றை மட்டும் முதலில் கேளுங்கள். படிப்பைப் பற்றி நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

வலிப்பு வந்ததுண்டா? கடைசியாக எப்போது, எவ்வளவு நேரம், அவசர மருந்து ஏதாவது எழுதித் தந்திருக்கிறார்களா? ஒவ்வாமை உண்டா? சாப்பிடும்போது புரையேறுமா? பள்ளி நேரத்தில் கொடுக்க வேண்டிய மருந்து எது? கண் மறைந்தால் ஓடிவிடுமா, ஓடினால் எதைத் தேடிப் போகும்? வலித்தால் எப்படித் தெரியப்படுத்தும்? யாரிடம் மட்டும் ஒப்படைக்கலாம்?

சில நிலைகளுக்குத் தனிக் கவனம் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்குக் கழுத்துப் பகுதி முதுகெலும்பின் மூட்டு தளர்வாக இருக்கக்கூடும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை குட்டிக்கரணமும் எம்பிக் குதிக்கும் மெத்தையும் வேண்டாம். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த குழந்தைக்கு ரப்பர் பால் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் பலூனையும் ரப்பர் கையுறையையும் ஒதுக்கி வையுங்கள். தலையில் நீர் வடிகுழாய் வைத்திருக்கும் குழந்தை தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் என்று ஆரம்பித்தால் மாலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

வலிப்பு வந்தால்: கடிகாரத்தைப் பாருங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். இதற்கு முன் வலிப்பு வந்ததா என்று தெரியாத குழந்தை என்றால் 5 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே அழையுங்கள்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதைச் செய்வதில்லை

‘கவனமில்லை’, ‘அடம்’ என்று எழுதிவிடுவது எளிது. அதற்கு முன் நான்கு காரணங்களை வரிசையாகக் கழித்துப் பாருங்கள்.

முதலில் காது. குழந்தை செவித்துணைக் கருவி அணிந்திருந்தால் அது வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். கருவியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினால் ‘வீ’ என்று கூவ வேண்டும். கூவாவிட்டால் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது காதச்சின் (காதுக்குள் பொருந்தும் அச்சின்) துளையில் குறும்பி அடைத்திருக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குழாய்க்குள் முத்து முத்தாக ஈரம் நின்றாலும் ஒலி போகாது. மாற்றிப் போடும் பேட்டரி என்றால் ஒட்டுக் காகிதத்தின் நிறம்தான் அளவைச் சொல்லும்: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. இவை காற்றில் இயங்குபவை. காகிதத்தை உரித்தபின் ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். உடனே போட்டு மூடினால் சரியாக எழும்பாது. கருவியில் சிவப்புப் புள்ளி இருந்தால் வலது காது, நீலம் என்றால் இடது. மாட்டியபிறகும் ஓயாமல் கூவினால் காதச்சு சிறுத்துவிட்டது, அதாவது குழந்தை வளர்ந்துவிட்டது என்று பொருள். புது அச்சு எடுக்க அனுப்புங்கள். தீர்ந்த பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே வெந்துபோகும்.

கருவி இல்லாத குழந்தைக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. குழந்தைக்குப் பின்னால் 1 மீட்டர் தள்ளி, சாதாரணக் குரலில், ஒழுங்கில்லாத இடைவெளியில் ஆறு ஒலிகளைச் சொல்லுங்கள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். ஒலி கேட்டதும் ஒரு கட்டையை டப்பாவில் போட வேண்டும் என்று முன்பே விளையாட்டாகப் பழக்குங்கள். பிறகு 3 மீட்டரிலிருந்து சொல்லிப் பாருங்கள். ஆ, ஊ, ம் கேட்டு ஷ், ஸ் மட்டும் கேட்காவிட்டால், ஆள் பேசுவது கேட்கும், ஆனால் சொற்கள் தெளியாது. இப்படிப்பட்ட குழந்தைதான் ‘வேண்டுமென்றே கேட்காத மாதிரி நடிக்கிறது’ என்று பெயர் வாங்கும். இது மருத்துவச் சோதனைக்கு ஈடல்ல. செவித்திறன் நிபுணரிடம் அவசரமாக அனுப்ப வேண்டுமா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

இரண்டாவது, மறைமுக வலிப்பு. பேச்சின் நடுவே சட்டென்று நிற்கும். கண் வெறிக்கும், இமை படபடக்கும். சில நொடிகளில், அதிகம் போனால் 20 நொடிக்குள், ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்தில் தொடரும். பகல்கனவில் இருக்கும் குழந்தை தோளைத் தொட்டால் திரும்பிப் பார்க்கும். இந்தக் குழந்தை திரும்பாது. ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை நொடி என்று குறித்துப் பெற்றோரிடம் கொடுங்கள். அவர்கள் அனுமதித்தால் ஒரு காணொளி எடுத்துத் தாருங்கள். மருத்துவருக்கு அது பத்துப் பக்க விவரிப்பைவிட உதவும்.

மூன்றாவது, மொழி. வீட்டில் வேறு மொழி பேசுகிறார்களா? அந்த மொழியிலும் இதே தடுமாற்றம் இருந்தால்தான் அதைக் குறைபாடாக எண்ணலாம். வீட்டுமொழியில் கதை சொல்லும் குழந்தை இங்கே ஊமையாக உட்கார்ந்திருப்பது மொழி கற்கும் காலத்தின் மௌனம்.

நான்காவதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை: பழகிய சொல். பழைய பள்ளியில் ‘கை கட்டு’ என்றால் பாடம் தொடங்குகிறது என்று குழந்தை பழகியிருக்கும். நீங்கள் ‘எல்லாரும் இங்கே பாருங்க’ என்கிறீர்கள். வீட்டில் அம்மா இந்த வேலையைச் செய்யச் சொல்லும்போது என்ன சொல், என்ன சைகை பயன்படுத்துகிறார் என்று அப்படியே செய்து காட்டச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வாரம் அவர் சொல்லையே பயன்படுத்தி, பிறகு உங்கள் சொல்லையும் சேர்த்துச் சொல்லி மெல்ல மாற்றுங்கள்.

இவை நான்கும் இல்லை என்று ஆனபிறகு, சொன்னபின் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒருமுறை சொல்லிவிட்டு மனதுக்குள் 10 எண்ணுங்கள். இடையில் திரும்பச் சொன்னால் குழந்தை மறுபடி முதலிலிருந்து புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டியிருக்கும்.

பேச்சே இல்லை, வேண்டியதைக் கத்தியோ கையைப் பிடித்து இழுத்தோதான் கேட்கிறது

முன்பு படஅட்டை, சைகை, பேசும் கருவி ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள். ‘பள்ளியிலேயே வைத்திருந்தார்கள்’ என்ற பதில் அடிக்கடி வரும். அப்படியானால் குழந்தையின் குரல் பழைய பள்ளி அலமாரியில் இருக்கிறது. மற்ற ஆவணம் எது தாமதமானாலும் அந்த அட்டைகளின் புகைப்படத்தை மட்டும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

எதுவும் கிடைக்காவிட்டால் 5 அட்டையோடு ஆரம்பியுங்கள்: வேண்டும், போதும், கழிப்பறை, வலிக்கிறது, உதவி. வேண்டும் என்பதற்குக் குழந்தைக்குப் பிடித்த பொருளின் புகைப்படத்தையே ஒட்டுங்கள். அட்டைகள் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் நாள் முழுக்க இருக்க வேண்டும். ஆசிரியர் மேசை இழுப்பறையில் இருந்தால் பயனில்லை. நீங்கள் பேசும்போதும் அட்டையைத் தொட்டுப் பேசுங்கள். பேசும் குழந்தை சொற்களைக் கேட்டுக் கேட்டுத்தான் பேசக் கற்கிறது, அட்டையும் அப்படித்தான். ‘போதும்’ அட்டையைக் காட்டினால், பாடம் பாதியில் நின்றாலும், முதல் இரண்டு வாரம் உடனே நிறுத்திவிடுங்கள். அட்டைக்குச் சக்தி உண்டு என்று குழந்தைக்குத் தெரியாமல் அது கத்துவதை விடாது.

முதலில் அமைதி, மூன்றாம் வாரத்திலிருந்து அடி, கடி, கிழிப்பு

புது இடத்தில் பல குழந்தைகள் சில வாரம் அடங்கியே இருப்பார்கள். அந்த அமைதியை வைத்து ‘உதவி தேவையில்லை’ என்று முடிவெடுக்க வேண்டாம்.

நடத்தையைத் திருத்தும் திட்டத்துக்கு முன் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், மாதவிடாய் வலி, தூக்கக் குறைவு. பேச முடியாத குழந்தை காதை அடித்துக்கொள்வதும் தாடையை மேசையில் இடிப்பதும் வலியின் மொழியாக இருக்கலாம். திடீரென்று தொடங்கிய நடத்தை என்றால் இந்தச் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால் 5 பள்ளி நாட்கள் பதிவு எடுங்கள். நான்கு கட்டம்: நேரம், முன்னால் நடந்தது, குழந்தை செய்தது, பின்னால் நடந்தது. ‘கோபப்பட்டது’ என்று எழுதாமல் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். இப்படி:

10:20. எழுத்துப் பயிற்சித்தாள் மேசையில் வைக்கப்பட்டது. தாளைக் கிழித்தது. தாள் எடுக்கப்பட்டது; மூலையில் 5 நிமிடம் உட்கார வைக்கப்பட்டது.
11:45. தாளும் பென்சிலும் தரப்பட்டன. பக்கத்துக் குழந்தையைக் கிள்ளியது. வெளியே அழைத்துச் செல்லப்பட்டது.

இரண்டு வரியின் கடைசிக் கட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டு முறையும் எழுத்து வேலை நின்றிருக்கிறது. தண்டனை என்று நினைத்து நாம் கொடுத்தது குழந்தை கேட்ட விடுப்பு. இங்கே தீர்வு எழுத்தைச் சுற்றித்தான் இருக்க வேண்டும்: முழுத்தாளுக்குப் பதில் 2 வரி, தடித்த பென்சில், ‘இடைவேளை’ அட்டை, அட்டையைக் காட்டியதும் 2 நிமிட ஓய்வு, பிறகு மீதி வேலை. கவனம் வேண்டி, பொருள் வேண்டி, உடலுக்கு அந்த உணர்வே வேண்டி என்று மற்ற மூன்று காரணங்களும் கடைசிக் கட்டத்தில்தான் தெரியவரும்.

பழைய வழி பலிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்த நடத்தை குறைவதற்கு முன் சில நாள் கூடும். அந்த நாட்களில்தான் பெரும்பாலான திட்டங்கள் கைவிடப்படுகின்றன. முன்கூட்டியே பெற்றோரிடமும் உதவியாளரிடமும் சொல்லி வையுங்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நடத்தையை மட்டும் ‘கண்டுகொள்ளாமல் விடும்’ முறைக்கு உட்படுத்தக் கூடாது.

காலையில் நன்றாக இருக்கிறது, 11 மணிக்கு மேல் குலைந்துபோகிறது

கவனக்குறைவுக்குக் கொடுக்கும் குறுகிய நேர மீத்தைல்பெனிடேட் மருந்து ஏறத்தாழ 4 மணி நேரம்தான் வேலை செய்யும். காலை 7 மணிக்குக் கொடுத்தால் 11 மணிக்கு இறங்கிவிடும். பழைய பள்ளியில் மதிய வேளை மருந்து கொடுத்து வந்திருப்பார்கள். இடமாற்றத்தில் அது யார் பொறுப்பு என்று தெரியாமல் விடுபட்டிருக்கும். பெற்றோரிடம் மருந்து அட்டையையே கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரை வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதாதீர்கள். மருத்துவரின் எழுத்து இல்லாமல் பள்ளியில் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது. வலிப்பு மருந்து என்றால் வீடு மாறிய குழப்பத்தில் ஒரு நாளும் தீர்ந்துபோகாமல் இருக்கிறதா என்று முதல் வாரமே கேளுங்கள். அதைத் திடீரென்று நிறுத்துவது நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடலாம்.

மருந்தே இல்லாத குழந்தை என்றால் பசி, சத்தம், களைப்பு மூன்றையும் பாருங்கள். கடினமான பாடத்தைக் காலைக்கு மாற்றினாலே பாதி சரியாகும்.

சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ‘கொளகொள’ என்கிறது

உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்று சந்தேகியுங்கள். அடிக்கடி சளிக்காய்ச்சல், ஒரு வேளை உணவுக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஆவது இரண்டும் இதற்குத் துணை அறிகுறிகள். விழுங்குதலைப் பரிசோதிக்கும் பேச்சு நிபுணர் பார்க்கும்வரை முதுகு நிமிர்ந்து, முகவாய் சற்றே தாழ்ந்து, பாதம் பதிந்து உட்கார வைத்து, சிறு வாய், ஒரு வாய் விழுங்கியபின் அடுத்தது என்று போங்கள். தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றவே கூடாது. சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். வீட்டில் எந்தப் பதத்தில் கொடுக்கிறார்களோ அதே பதத்தைத் தொடருங்கள்.

யாராவது கையைத் தொட்டால்தான் எதையும் தொடங்குகிறது

முன்பு அதிக உதவியோடு பழகிய குழந்தை. மணிக்கட்டில் விரல் படும்வரை பென்சில் அசையாது. தெரியாததால் நிற்கவில்லை, ‘தொடு’ என்பதுதான் அதற்குத் தொடங்கும் மணி. இங்கே பேச்சைக் கூட்டினால் பேச்சுக்காகக் காத்திருக்கப் பழகும். உதவியின் படிகளை ஏறுவரிசையில் எழுதுங்கள்: தானே, கைகாட்டல், சொல், செய்துகாட்டல், லேசான தொடுகை, கைமேல் கைவைத்தல். பழைய தொடுகையையே வைத்துக்கொண்டு அதற்கு முன் 3 நொடி காத்திருங்கள். மறுநாள் 5 நொடி. தொடும் இடத்தையும் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து தோளுக்கும் நகர்த்துங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எந்தப் படி தேவைப்பட்டது என்று ஓர் எழுத்தில் குறித்தால் இரண்டு வாரத்தில் உதவி குறைந்துவருவது கண்ணுக்குத் தெரியும்.

எந்த நிலையில் படிக்கிறது என்றே தெரியவில்லை

பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தால் அது அரைக் கோப்புக்குச் சமம். மெல்லப் புரட்டுங்கள். புள்ளிக்கோட்டின் மேல் எழுதியதா, பார்த்து எழுதியதா, தானாக எழுதியதா? ஒரே பக்கத்தில் அழுத்தமான கோடும் நடுங்கும் கோடும் மாறி மாறி வந்தால் அழுத்தமானது உடனிருந்தவர் கை. ஒரே எழுத்து எத்தனை மாதம் திரும்பத் திரும்ப வருகிறது என்று தேதியைப் பாருங்கள். நான்கு மாதம் ஒரே பாடம் என்றால் முறையை மாற்ற வேண்டும், நேரத்தைக் கூட்டுவதில் பலனில்லை.

பிறகு நீங்களே பாருங்கள்: மூன்று வெவ்வேறு நாட்களில், தலா 15 நிமிடம், எளிதானதிலிருந்து தொடங்கி, செய்ய முடிந்ததில் முடித்து. படிப்புக்கு 100 சொல் பகுதி. 5 பிழைக்குள் என்றால் தனியாகப் படிக்கலாம். 6 முதல் 10 வரை என்றால் உங்கள் துணையோடு பாடம் நடத்த ஏற்றது. அதற்கு மேல் என்றால் கடினம். படித்தபின் மூன்று கேள்வி கேளுங்கள், ஏனென்றால் சரளமாகப் படித்து ஒன்றும் புரியாத குழந்தைகள் உண்டு. எண்ணுக்கு, 10 காய்களை வைத்து ‘4 கொடு’ என்று கையை நீட்டுங்கள். 50 வரை ஒப்பிக்கும் குழந்தை ஒரு கைப்பிடி அள்ளித் தந்தால் எண்ணின் பெயர் தெரியும், அளவு இன்னும் தெரியாது. கண்ணாடியும் செவித்துணைக் கருவியும் அணிந்திருக்கும்போதுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

நுண்ணறிவுச் சோதனையை முதல் வாரமே வைக்க வேண்டாம். பழகாத முகத்தின் முன் குழந்தை தன் திறனைக் காட்டாது. அந்த எண் மட்டும் ஆண்டுக்கணக்கில் கூடவே வரும்.

வகுப்பைவிட்டு ஓடுகிறது

கதவுக்கு எதிர்ப்புறம், சுவரோரம் இருக்கை. தினமும் காலையில் வந்ததும் அன்றைய உடையோடு ஒரு புகைப்படம். காணாமல் போனால் முதலில் நீர்நிலையைத் தேடுங்கள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளைத் தண்ணீர் ஈர்க்கும், உயிரிழப்பும் அங்கேதான் அதிகம். திரும்பி வந்ததும் திட்டாமல், எதைத் தேடிப் போனது என்று பதிவில் எழுதுங்கள்.

உடை நனைகிறது, அழுக்காகிறது

3 நாள், 30 நிமிடத்துக்கு ஒருமுறை உலர்ந்ததா நனைந்ததா என்று குறியுங்கள். நேரம் ஒன்று தானாகவே தெரியவரும். அதற்கு 10 நிமிடம் முன்னால் அழைத்துச் செல்லுங்கள். நீர்த்த மலம் அடிக்கடி கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று முடிவுகட்டாதீர்கள். பல நாள் மலச்சிக்கலில் கட்டிய மலத்தைச் சுற்றி வழிவதும் அப்படித்தான் இருக்கும், மருத்துவர் பார்க்க வேண்டும். முன்பு கட்டுப்பாடு இருந்த குழந்தைக்குத் திடீரென்று போய்விட்டால், குறிப்பாக நடையும் மாறியிருந்தால், அது அவசரம்.

பழைய பள்ளி பதில் தரவில்லை. அல்லது வந்த கோப்பு குழந்தைக்குப் பொருந்தவில்லை

பெற்றோரின் எழுத்து ஒப்புதலை முதலில் வாங்குங்கள். ‘எல்லா ஆவணமும் அனுப்பவும்’ என்ற கடிதம் யாருடைய மேசையிலாவது தூங்கும். தொலைபேசியில், குழந்தையோடு நாள் முழுக்க இருந்தவரைக் கேட்டு வாங்கி, ஐந்தே கேள்வி: வேண்டியதை எப்படிக் கேட்கும், எது பயமுறுத்தும், எது அமைதிப்படுத்தும், எதைத் தனியாகச் செய்யும், எதை முயன்று பார்த்துப் பலிக்கவில்லை. கடைசிக் கேள்வியின் பதில் எந்த அறிக்கையிலும் இருக்காது. பெற்றோரின் தொலைபேசியில் உள்ள பழைய காணொளிகளையும் கேளுங்கள். சக்கர நாற்காலி, கால் தாங்கி இருந்தால் எப்போது அளவெடுத்தது என்று பாருங்கள். தாங்கியைக் கழற்றி 20–30 நிமிடம் கழித்தும் தோலின் சிவப்பு மறையாவிட்டால் அளவு பொருந்தவில்லை.

கோப்பு வந்தபின், அறிக்கையின் தேதி, சோதித்த மொழி, அன்று கண்ணாடியும் கருவியும் அணிந்திருந்ததா என்ற மூன்றையும் பார்த்துவிட்டுப் படியுங்கள். உங்கள் தாளை எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். முரண்பட்டால் எதையும் அழிக்காமல் இரண்டையும் தேதியோடு வையுங்கள்; அந்த வரியைப் பற்றி மட்டும் பழைய ஆசிரியரிடம் மறுபடி பேசுங்கள். ‘ஊ’ என்று குறித்த வரிகள் 30 நாளுக்குப் பிறகும் ‘ஊ’வாகவே இருந்தால் அவற்றைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் குறியுங்கள், அல்லது தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தத் தாளின் நகலும், ஐந்து அட்டைகளின் புகைப்படமும், குழந்தை உதவி கேட்பதைக் காட்டும் ஒரு நிமிடக் காணொளியும் பெற்றோர் கையில் இருக்கட்டும். அடுத்த பள்ளிக்குப் போகும் நாளில் குழந்தையோடு சேர்ந்து போய்ச் சேருவது அவை மட்டும்தான்.